மஞ்சள் அட்டை

வெப்பநாட்டில் பிறந்து வளர்ந்த நம்மை இன்னொரு வெப்பநாடு என்ன செய்துவிடும் என்றுதான் இருந்தோம். கம்பாலாவில் மகளுக்குப் பிரசவம். பெட்டியில் முதலில் ஏறியவை சுக்கும் பிரசவ லேகியமும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. திரும்பும்போது இந்தியாவும் அதைக் கேட்கும். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமையில் வைக்கும். அந்நோய் இங்கே கால் பதித்ததில்லை. ஆனால் அதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு, டெங்கு வழியாக நமக்குப் பழகிய அதே கொசு, எங்கள் தெருவிலேயே காத்திருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதுமானது.

கிண்டி கிங் நிலையத்தில் மருத்துவர் வயதைக் கேட்டார். 63, 58 என்றோம். பேனாவைக் கீழே வைத்தார். வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள கிருமியாலான ஊசி இது. கடும் பின்விளைவு மிக அரிது, ஆயினும் 60ஐக் கடந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்றார். வெளியே வந்து நின்றோம். அம்மா மட்டும் போனால் போதாதா? லேகியத்துக்குப் போதும்தான். கால் மணி நேரம் பேசாமல் நின்றுவிட்டு, இருவருமாகவே உள்ளே போனோம்.

சிறுவயதில் இருவருக்குமே மலேரியா வந்திருந்ததால் காப்பு உண்டென்ற நம்பிக்கையும் அன்று போயிற்று. அக்காப்பு நாளடைவில் கரைந்துவிடுமாம். அங்கே மிகுதியாக இருப்பதோ மூளையைத் தாக்கவல்ல பால்சிபாரம். டாக்சிசைக்ளினைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பின்னும் 4 வாரம் விழுங்கவேண்டும்.

பேத்தி பிறந்தாள். திரும்பிவிட்டோம். மாத்திரை இன்னும் ஒன்பது நாளைக்குப் பாக்கியிருக்கிறது.