ஜொகூர் பாலமும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும்

பெரட்டுக்கு மணியடிக்கும் வேளையில் ஜொகூர் பாருப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா, நேயர்களே? இன்னும் விடிந்திருக்காது. கூலாய், செனாய், உலு திராம், மாசாய் என்று எல்லாத் திசையிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தை நோக்கி ஆறாகப் பெருகி வரும். மழைச்சட்டையும் தலைக்கவசமுமாய்ப் போகிறவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிய இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது, இல்லையேல் வீடமைப்புப் பகுதி நிற்கிறது. பிள்ளைகள் அக்கரைச் சம்பளத்தை நம்பிப் போகிறார்கள்.

அவர்கள் கடக்கிற பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம். பாலம் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய சாலை. கருங்கல் புலாவ் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் வந்தது. 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. அப்புறம் பல பத்தாண்டுகள் அது ஓயாமல் மனிதர்களைச் சுமந்தது. கொரோனாவுக்கு முன் வேலைக்காக மட்டும் நாள்தோறும் ஏறக்குறைய 300,000 மலேசியர்கள் அக்கரை போய் வந்தார்கள் என்பார்கள்.

2020 மார்ச் 16-ஆம் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18-ஆம் தேதி முதல் அமல். இடையில் இருந்தது ஒரே நாள்! வேலையைக் காப்பாற்ற வேண்டுமானால் 17-ஆம் தேதி நள்ளிரவுக்குள் அக்கரை போய்விட வேண்டும். பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு பல்லாயிரம் பேர் ஓடினார்கள். தண்ணீர்க் குழாயில் ஜொகூர்த் தண்ணீர் வழக்கம்போல் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. காய்கறி லாரியும் போயிற்று. மனிதனுக்கு மட்டும் பாதை அடைபட்டது.

போனவர்கள் எல்லாருக்கும் படுக்க இடம் இருந்ததா? இல்லை. சிலர் கிராஞ்சி எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தின் பக்கம் படுத்தார்கள். ஜொகூர் பஸ் வந்து நிற்கும் பழகிய இடம் அதுதான். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவில் சிமெண்டுத் தரையில், பையே தலையணை.

செய்தி பரவியது. பெயரும் ஊரும் தெரியாத சிங்கப்பூரர்கள் சாப்பாடும் குடிநீரும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். "எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது" என்று சிலர் முகநூலில் எழுதினார்கள். கூட வேலை செய்கிறவனை வீட்டுக்கே அழைத்துப் போனவர்களும் உண்டு. வந்தவன் தமிழனா, மலாய்க்காரனா, சீனனா என்று பார்த்தா பாய் விரித்தார்கள்?

சிங்கப்பூர் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தங்குமிடச் செலவுக்காக ஒரு தொழிலாளிக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்கு முதலாளிகளுக்கு உதவித்தொகை அறிவித்தது. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் மனு எழுதி, கையெழுத்தாகி, கட்டில் கிடைப்பதற்குள் முதல் இரவு கழிந்துவிடும். அந்த முதல் இரவைப் பார்த்துக்கொண்டது யாரோ ஒருவர் கொடுத்த பொட்டலச் சோறு. பணத்தால் அளந்தால் அதன் மதிப்பு நாலைந்து வெள்ளிகூடத் தேறாது. பெற்ற பிள்ளையை அக்கரைக்கு அனுப்பிவிட்டு இக்கரையில் தூங்காமல் கிடந்த தாயிடம் கேளுங்கள், அவள் வேறு கணக்குச் சொல்வாள். "சாப்பிட்டாயா?" என்று தொலைபேசியில் கேட்டபோது "சாப்பிட்டேன்மா" என்று அவன் பொய் சொல்லாமல் சொல்ல முடிந்ததே!

இக்கரையிலும் பசி இல்லாமல் இல்லை. 2021 ஜூன் மாதம் மறுபடியும் முழு அடைப்பு வந்து கையிருப்புக் கரைந்தபோது, உதவி வேண்டுவோர் வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டுங்கள் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. ஒரு வார்த்தை கேட்காமல் அரிசியும் மைலோவும் வைத்துவிட்டுப் போனவர்கள் பலர். வெள்ளைத் துணி கட்டுவது வெட்கம் என்று பேசியவர்களும் இருந்தார்கள். அடுப்பு எரிகிற வீட்டிலிருந்து அப்படிப் பேசுவது சுலபம்.

2021 நவம்பர் 29-ஆம் தேதி, தடுப்பூசி போட்டவர்களுக்கென்று பஸ் மறுபடி ஓடத் தொடங்கியது. உட்லண்ட்ஸிலிருந்து கிளம்பி லார்க்கின் நிலையத்தில் வந்து நின்ற பஸ்ஸில் இருபது மாதமாக வீட்டு முகம் பாராதவர்களும் இருந்தார்கள். 2022 ஏப்ரல் முதல் தேதி பாலம் எல்லா வாகனங்களுக்கும் திறந்தது. அன்று நள்ளிரவு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வண்டிகள் கடலைத் தாண்டின.