பன்னீர் திராட்சை நாட்டுக்கு ஒரு பயணம்

“கொல்லையில் அரை ஏக்கர் திராட்சைப் பந்தல் போட்டால் என்ன?” தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து விவசாயிகளிடம் அடிக்கடி எழும் கேள்வி இது. நெல்லில் மிஞ்சுவது குறையக் குறைய, திராட்சை மீது ஆசை வருவது இயல்புதான். “பழம் விற்காவிட்டால் ஒயின் ஆலைக்குக் கொடுத்துவிடலாம்” என்ற பேச்சும் கூடவே வருகிறது. கல்தூண் வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒருமுறை கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய்வருவது நல்லது. பேருந்துச் செலவோடு முடிகிற பாடம் அது.

தஞ்சாவூரில் விடியற்காலையில் கிளம்பினால் திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி வழியாகப் பகல் பொழுதுக்குள் உத்தமபாளையம் போய்ச் சேரலாம். சின்னமனூரைத் தாண்டியதும் டெல்டாக்காரருக்குச் சொந்த ஊர் நினைவு வரும். சாலையோரம் நெல் வயல், வாழை, தென்னை. 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் பூமி இது. நமக்கு மேட்டூர் என்றால் இவர்களுக்கு முல்லைப் பெரியாறு. 1895-ல் அந்த அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் படத்தை இன்றும் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது.

பந்தலும் கவாத்தும்

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கம் திரும்பினால் காட்சி மாறுகிறது. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி பரப்பிய பந்தல்கள். அடியில் நிழல், மேலே கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழம். இதுதான் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். வாயில் போட்டால் பன்னீர் வாசம் அடிக்கும்.

குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் தூங்கி, ஆண்டுக்கு ஒரு முறைதான் காய்க்கும். இங்கே அந்தத் தூக்கம் கிடையாது. எப்போது காய்க்க வேண்டும் என்பதைக் கவாத்துக் கத்திதான் முடிவு செய்கிறது. டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதத்தில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். ஏறக்குறைய நான்கு மாதம், அதாவது நம் குறுவையின் வயது. ஊரே ஒரே நாளில் வெட்டாமல் முன்பின்னாக வெட்டுவதால் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டிருக்கும்.

இந்த வசதிக்கு விலையும் உண்டு. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் வரும். அதற்கு இங்கு தெளிப்பது நம் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தென்னைக்கும் பழக்கமான போர்டோ கலவைதான். போர்டோ என்பது பிரான்சில் ஒயினுக்குப் பெயர்போன ஊர். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க அங்கே சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசினார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்டே என்ற தாவரவியலார் கவனித்து, 1885-ல் அதை மருந்தாகவே வெளியிட்டார். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று நாம் கலக்கும் 1 சதவீதக் கலவை அந்த வழியில் வந்ததுதான்.

நிறம் தோலில் இருக்கிறது

பன்னீர் திராட்சையின் தோல் மெலிது, சதை இளகியது. பறித்த பழத்தை அதிக நாள் வைத்திருக்க முடியாது. ஒரே வாரத்தில் பல பந்தல்கள் பழுத்தால் விலை சரியும். கெடும் பழத்தைக் கெடாத பொருளாக்கும் பழைய வழிகளில் ஒன்று ஒயின். நசுக்கிய பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய 1 கிலோ பழம் பிடிக்கும்.

கருப்புப் பழத்தைத் தோலோடு நொதிக்க வைத்தால் சிவப்பு ஒயின். பச்சைப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்க வைத்தால் வெள்ளை ஒயின். அதே பச்சைப் பழத்தைத் தோலும் விதையுமாக நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ ஊற வைத்தால் ஆரஞ்சு நிறமும் லேசான துவர்ப்பும் வரும். அதற்கு ஆரஞ்சு ஒயின் என்று பெயர். ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜார்ஜியா நாட்டில் இதைப் பெரிய மண்தாழியில் செய்கிறார்கள். தாழியைக் கழுத்துவரை பூமியில் புதைத்துவிட்டால் மண்ணே சூட்டைத் தணித்துவிடும். இந்த முறையை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஹங்கேரியிலும் சில சிறு ஒயின் பண்ணைகள் இப்போது ஆரஞ்சு ஒயின் செய்கின்றன. நெல்லைக் குதிரிலும் பத்தாயத்திலும் காத்த டெல்டா குடும்பங்களுக்கு அந்தத் தாழியின் அருமை சொல்லாமலே புரியும்.

ஆலை எதை வாங்கும்?

கம்பம் பள்ளத்தாக்கிலும் ஹில்ஜில் ஒயின்ஸ் என்ற ஒயின் ஆலை உண்டு. ஆனால் ஆலை இருப்பதாலேயே மிஞ்சிய பழத்துக்கெல்லாம் வழி பிறந்துவிடும் என்று எண்ணக் கூடாது. எந்த ஒயின் ஆலையும் முதலில் பார்ப்பது சர்க்கரை அளவைத்தான். அதை அளக்கும் கணக்குக்குப் பிரிக்ஸ் என்று பெயர். கடைக்குப் போகும் பழத்துக்கு 16, 18 பிரிக்ஸ் போதும். ஒயினுக்கு 22-ஐ ஒட்டி எதிர்பார்ப்பார்கள். ஒயினுக்கென்றே உள்ள ரகங்களின் பழம் சிறியது, தோல் தடித்தது. மழையில் வெடித்த பழத்தையும் சந்தையில் கழித்த பழத்தையும் எந்த நல்ல ஆலையும் விரும்பாது. ஆகவே ஆலைக்கான சாகுபடி வேறு, சந்தைக்கான சாகுபடி வேறு. இதை நடும்போதே முடிவு செய்ய வேண்டும், அறுவடையின்போது அல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உரிமம் இல்லாமல் வீட்டிலோ தோட்டத்திலோ ஒயின் காய்ச்சி விற்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். விவசாயி பழம் விளைவிக்கலாம். ஒயின் ஆக்குவது உரிமம் பெற்ற ஆலையின் வேலை.

ஊர்ப் பெயருக்கும் விலை உண்டு

கம்பம் விவசாயிகளுக்குக் கிடைத்த இன்னொரு பலம், 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை பெற்ற புவிசார் குறியீடு. வேறு ஊர்ப் பழத்தை இனி அந்தப் பெயரில் விற்கக் கூடாது. ஹங்கேரிக்காரர்கள் இதை வெகு முன்பே புரிந்துகொண்டார்கள். டோக்காய் என்ற பகுதியின் ஒயினுக்கு எந்தெந்த ஊர் எல்லை என்று 1737-லேயே அரசாணை போட்டு வரையறுத்தார்கள். இன்றும் அந்த ஊர்ப் பெயர்தான் அவர்களுக்குச் சந்தை.

நம் பக்கம் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் அதே குறியீடு வந்துவிட்டது. காவிரி வண்டலில் விளையும் அந்தக் கொழுந்து வெற்றிலைக்குக் கம்பத்து மண்ணில் அதே ருசி வராது. அதுபோலவே கம்பத்துப் பந்தலுக்கு நம் களிமண் ஒத்துவராது. வேரடியில் தண்ணீர் தேங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் வடகிழக்குப் பருவமழை பழத்தையும் இலையையும் சேர்த்து அழிக்கும். வாசலில் நிழலுக்கு ஒரு கொடி வளர்க்கலாம். கடன் வாங்கி அரை ஏக்கர் போடுவது வேண்டாம்.

கம்பத்திலிருந்து கொண்டுவர வேண்டியது கொடிக்குச்சி அல்ல, மூன்று கேள்விகள். நான் விளைவிப்பதை யார் வாங்குவார்? எந்த அளவுகோலால் தரம் பார்ப்பார்? விலை சரியும் வாரத்தில் அதை என்னவாக மாற்றி வைக்கலாம்? வாழை போட்டவர்களுக்குத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நெல், சிறுதானியம், தேங்காய் எதுவானாலும் பதப்படுத்தக் கற்றுக்கொள்ளத் தஞ்சாவூரிலேயே நிஃப்டெம் நிறுவனம் இருக்கிறது. நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியதுதான் அது. கம்பம் போகிற செலவில் பாதிகூட ஆகாது. அடுத்த பயிர் போடுவதற்கு முன் அங்கே ஒரு நாள் போய்வரலாம்.