சந்தாவுக்கு எத்தனை அறை?

சென்னை மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பக்கம் சின்ன லாட்ஜ் நடத்துகிற எங்களிடம் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பராமரிப்புக்கான ஷட்டவுன் வேலை நடக்கும்போது வெல்டர்களும் ஃபிட்டர்களும் வருவார்கள். எண்ணூர் துறைமுக வேலையாக வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள், மாதவரத்தில் ஆந்திரா பஸ்ஸிலிருந்து அதிகாலையில் இறங்குகிறவர்கள், இவ்வளவுதான். "ஏசி வேணாம்ணே, தண்ணி நல்லா வருமா?" என்பதுதான் முதல் கேள்வி.

ஓட்டல் சங்கத்தில் சேரச் சொல்லி யார் வந்தாலும் சந்தாவை நான் அறைக்கணக்கில்தான் பார்ப்பேன். நாள் வாடகை 900 ரூபாய், வருடச் சந்தா 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து அறை ஒரு ராத்திரி நிரம்பினால் வருகிற பணம் அது. புக்கிங் தளம் 20 சதவீதம் கமிஷன் பிடித்தால் ஓர் அறைக்கு 180 போகிறது. சங்கத்தின் பெயரால் ஐம்பது பேர் நேரே வந்து தங்கினால்தான் கட்டிய பணம் திரும்பும். வரமாட்டார்கள். சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்து ரூம் போட்ட ஃபிட்டரை நான் கண்டதில்லை.

ஆனால் கணக்கை அங்கேயே மூடிவிடக் கூடாது. தளத்தில் போட்ட விலைக்குக் குறைவாக வேறெங்கும் அறை கொடுக்காதே என்ற ஒப்பந்த நிபந்தனையை ஒரு லாட்ஜ்காரர் தனியாக எதிர்த்தால், மறுநாள் அவர் பெயர் பட்டியலில் இருக்காது. அகில இந்திய ஓட்டல், உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2019-இல் அதை இந்தியப் போட்டி ஆணையத்துக்குக் கொண்டு போனது. 2022 அக்டோபரில் ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி, ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; மேக்மைட்ரிப்-கோஐபிபோவிடம் அந்த நிபந்தனைகளை மாற்றவும் சொன்னது. இப்படி ஒரு வழக்கை நடத்த என் வருட வருமானம் முழுவதையும் கொட்டினாலும் முடியாது. சந்தா இதற்குத்தான்.

அதே சங்கத்தில் என் குரல் கேட்குமா என்பது வேறு கேள்வி. 1,000 ரூபாய்க்குள் இருந்த வாடகைக்கு 2022 ஜூலை 18 வரை ஜி.எஸ்.டி. கிடையாது. அன்றிலிருந்து 12 சதவீதம். 900 ரூபாய் அறை 1,008 ஆனது. மேஸ்திரி ஆறு பேருக்கு அறை கேட்கும் இடத்தில் அந்த 108 பெரிய தொகை. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகி, அதே அறை 945-க்கு வந்தது. ஆனால் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு போய்விட்டது. லாண்டரி, இயந்திரம், கமிஷன் என்று நிறைய வரி கட்டும் பெரிய ஓட்டலுக்கு அது நஷ்டம். போர்வை, பினாயில் வாங்குகிற எனக்கு நிம்மதி. இருவருக்கும் ஒரே மனு எழுத முடியாது. எழுதுவது யார் கை என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

அன்றாடம் எனக்குக் கைகொடுப்பது சந்தா இல்லாத ஒரு கூட்டம்: மாத்தூர், மணலி, மாதவரம் லாட்ஜ்காரர்களின் வாட்ஸ்அப் குழு. ஷட்டவுன் நேரத்தில் முப்பது பேர் ஒரே லாரியில் வந்து இறங்கினால், பத்துப் பேரை நான் வைத்துக்கொண்டு மீதியை அடுத்த தெருவுக்கு அனுப்புவேன். அவர்களும் அப்படியே அனுப்புவார்கள். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் பதிவு செய்யும் முறையை எனக்குச் சொல்லித் தந்ததும் பக்கத்து லாட்ஜ் அண்ணன்தான்.

ஆனால் அந்தக் குழுவால் டெல்லியில் வழக்குப் போட முடியாது. அதனால் இந்த முறையும் சந்தாவைப் புதுப்பித்தேன். கூடவே ஒரு கடிதம் வைத்தேன்: இருபது அறைக்குக் கீழே உள்ளவர்களுக்கு நிர்வாகக் குழுவில் இரண்டு இடம் வேண்டும், வரி மனு எதுவானாலும் அனுப்புமுன் எங்களுக்குக் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மற்றவர்களிடமும் அதன் நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.