வில்லனின் முகம்

கதைகளில் நாயகனைவிட வில்லனிடம்தான் எனக்கு ஒட்டுதல் அதிகம். இதைச் சொன்னால் இலக்கிய நண்பர்கள் இரண்டு விளக்கங்களைத் தயாராக வைத்திருக்கிறார்கள். தீமைக்கு ஒரு கவர்ச்சி உண்டு என்பது ஒன்று. மில்டனின் சாத்தானிலிருந்து உதாரணங்கள் வந்து விழும். நாயகன் தட்டையான பாத்திரம், வில்லன் சிக்கலானவன், ஆகவே நுட்பமான ரசனை அவனிடம்தான் போய்ச் சேரும் என்பது இன்னொன்று. சொல்பவனுக்கே ஒரு பாராட்டு உள்ளே ஒளிந்திருப்பதால் இரண்டாவதற்குச் செல்வாக்கு அதிகம்.

இரண்டும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகவில்லை. தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வில்லனோடு ஒட்டிக்கொண்டவர்கள் ரசனையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அல்ல. ஹார்பரில் மூட்டை தூக்கியவர்கள், காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு நின்றவர்கள், ஆலைகளில் ராத்திரி ஷிப்டு பார்த்தவர்கள். தீமை அவர்களைக் கவர்ந்தது என்றும் சொல்ல முடியாது. மேஸ்திரியிடமும் கந்துவட்டிக்காரனிடமும் அவர்கள் அதைப் போதுமான அளவு பார்த்திருந்தார்கள்.

மகாராணி, கிரவுன், அகஸ்தியா - இவைதாம் எங்கள் கொட்டகைகள். அகஸ்தியா 1967-ல் திறந்து 2020-ல் மூடப்பட்டது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து நான் கவனித்த ஒன்று: நாயகன் தோன்றும்போது விசில் பறக்கும், காகிதம் பறக்கும். ஆனால் படம் விட்டு வெளியே வருகையில் யாரும் நாயகனைப் போலப் பேசிக்கொண்டு வந்ததில்லை. பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பைச் சிரித்துப் பார்ப்பார்கள். நம்பியாரைப் போல உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு கண்ணை உருட்டுவார்கள். 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். அதற்குப் பிறகும், எம்.ஜி.ஆர். படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்த ஒருவர், டீக்கடை பெஞ்சில் ‘ரத்தக்கண்ணீர்’ மோகனசுந்தரத்தை ராதாவின் குரலிலேயே பேசிக்காட்டியதைக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. நாயகனைக் கும்பிட்டார்கள், வில்லனோடு பழகினார்கள். இரண்டும் வேறு வேறு உறவுகள்.

பழகுவதற்குக் காரணம் இருந்தது. நம் வியாபார சினிமாவில் வேலை செய்கிறவன் வில்லன்தான். திட்டம் போடுகிறான், ஆள் சேர்க்கிறான், கூலி கொடுக்கிறான், தோற்றால் மறுபடி ஆரம்பிக்கிறான். நாயகனுக்குப் பிறப்பு உதவுகிறது, மச்சம் உதவுகிறது, தற்செயல் உதவுகிறது. ஹார்பரில் கொக்கியோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய என் அப்பா சொல்வார்: “இவன் இல்லாங்காட்டி படம் நாலு ரீல்ல முடிஞ்சிருக்கும்.” கதைக்கான உழைப்பு யாருடையது என்பது அவருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொரு காரணம் மொழி. ராஜா ராணிக் கதைகள் ஓய்ந்து சமூகப் படங்கள் பெருகியபோது வில்லனின் ஜாகை எங்கள் பக்கம் வந்துவிட்டது. கிடங்கு, கிரேன், துறைமுகச் சுவர், இருட்டில் கரை ஒதுங்கும் படகு. எங்கள் தமிழைத் திரையில் பேசியவன் அடியாள். ‘படகோட்டி’ (1964), ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) என்று எங்கள் தொழில்கள் நாயகனுக்கும் வந்தன, வாஸ்தவம். ஆனால் தொழில் நாயகனிடம் போனதே தவிரப் பேச்சு கூடவே போகவில்லை. அடியாளிடம் மட்டும் அது மிச்சம் இருந்தது. தன் வீட்டுப் பேச்சு யார் வாயில் இருக்கிறதோ அவன் பக்கம் காது திரும்பும். இதற்கு ரசனைத் தத்துவம் எதுவும் தேவையில்லை.

இது சினிமாவோடு முடிகிற விஷயமல்ல. 1848 ஜனவரியில், இருபத்துநாலு வயது நிரம்பும் தறுவாயில், கல்கத்தாவிலிருந்து ஒரு இளைஞர் சென்னைக்கு வந்து சேர்ந்தார் - மைக்கேல் மதுசூதன தத்தர். அனாதைப் பிள்ளைகளின் பள்ளியில் வாத்தியார் வேலை, பத்திரிகை வேலை, ஓயாத பணமுடை. இவற்றுக்கு நடுவே கிரேக்கமும் ஹீப்ருவும் சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்தார். 1849-ல் அவருடைய ஆங்கிலக் கவிதை நூல் இங்கேதான் அச்சாயிற்று. எட்டு வருஷங்கள் இங்கே கழித்து 1856-ல் ஊர் திரும்பினார். 1861-ல் வங்காளியில் ‘மேகநாதவத காவியம்’ வந்தது. இராமனும் அவன் கூட்டமும் தனக்கு வெறுப்பைத் தருவதாகவும், இராவணனை நினைத்தால் கற்பனை மேலே எழுவதாகவும் நண்பர் ஒருவருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்.

இப்படி எழுதியவர் இராவணனை விடுதலை செய்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். அவருடைய இராவணன் சீதையைத் தூக்கி வந்தவன்தான். அதன் விளைவாக மகன்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், அவன் அழுகிறான். விபீஷணன் வழிகாட்ட, லட்சுமணன் பூஜை இடத்துக்குள் நுழைந்து ஆயுதமில்லாத மேகநாதனைக் கொல்கிறான். கடற்கரைச் சிதையில் காவியம் முடிகிறது. குற்றம் அப்படியே இருக்கிறது. துக்கமும் அப்படியே இருக்கிறது. ஒன்று மற்றதைக் கழுவிவிடவில்லை.

தமிழில் நாம் வேறு வழியில் போனோம். பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ 1934-ல் மேடையேறியது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-ல் வெளிவந்து, 1948-ல் தடை செய்யப்பட்டு, 1971-ல்தான் தடை நீங்கியது. சினிமாவில் வில்லனாக வந்துகொண்டிருந்த ஆர்.எஸ். மனோகர், நாடக மேடையில் ‘இலங்கேஸ்வரன்’ ஆகி இராவணனை உத்தமனாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். அரக்கன் என்று பெயர் சூட்டப்பட்ட ஜனம், சூட்டியவனைத் திருப்பிக் கேள்வி கேட்டது. அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு காவியத்துக்கு இருபத்துமூன்று வருஷம் தடை என்பதே அது எங்கே தைத்தது என்பதற்குச் சாட்சி. ஆனால் படைப்பு என்ற தளத்தில் ஒரு நஷ்டம் நேர்ந்தது. வில்லனைக் குற்றமற்றவனாக்கிய கணமே அவன் இன்னொரு நாயகனாகிவிடுகிறான். இராமனுக்கு இருந்த அதே பிரகாசம், அதே தட்டை. ஆசனம் மாறியது, ஆசனம் இருக்கிறது.

அண்ணாதுரையின் ‘நீதிதேவன் மயக்கம்’ இந்த வரிசையில் எனக்குச் சற்று விலகித் தெரிகிறது. இரக்கம் என்ற ஒன்று இல்லாதவன் என்பது அங்கே இராவணன் மீதுள்ள குற்றச்சாட்டு. அதே இரக்கமின்மை தேவர்களிடமும் முனிவர்களிடமும் இருந்ததே, அவர்களை ஏன் யாரும் கூண்டில் ஏற்றவில்லை என்று அவன் எதிர்க்கேள்வி போடுகிறான். குற்றம் கேட்பவனின் யோக்கியதை விசாரணைக்கு வந்துவிடுகிறது. நாடகத்தில் பிரசாரம் உண்டு. இருந்தாலும் வில்லன் இங்கே வில்லனாகவே நின்று பேசுகிறான்.

இதையெல்லாம்விட என்னை நெடுநாளாகப் பிடித்துவைத்திருப்பது கம்பனின் கும்பகர்ணன். அண்ணன் செய்தது தவறு என்பது அவனுக்குத் தெரியும். சபையில் சொல்லவும் சொல்கிறான். சொல்லிவிட்டு அந்தத் தவறுக்காகவே சாகப் புறப்படுகிறான். போர்க்களத்தில் தம்பி விபீஷணன் வந்து இந்தப் பக்கம் வா என்று கூப்பிடும்போது போக மறுக்கிறான். ஆனால் தம்பி போனது தவறு என்று திட்டவில்லை. கடைசியில், மூக்கும் காதும் அறுபட்ட நிலையில் இராமனிடம் இரண்டு வரம் கேட்கிறான். கட்சி மாறிய தம்பியைக் காப்பாற்று. மூக்கில்லாத என் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், தலையை அறுத்துக் கடலில் போட்டுவிடு. தன்னை விட்டுப்போனவனுக்கு அடைக்கலம் கேட்கிற மனசும், தன் முகத்தைப் பற்றிய கூச்சமும் ஒரே மூச்சில் வருகின்றன. இராமனுக்குக் கம்பன் எத்தனையோ பாட்டுப் பாடியிருக்கிறான். இந்த இடத்துக்கு நிகராக எனக்கு வேறொன்று அகப்படவில்லை.

விபீஷணன் என்ற பெயர் எங்கள் பக்கத்தில் புராணத்தோடு நின்றுவிடவில்லை. ஆலை வாசல் கூட்டங்களில் அது அடிக்கடி அடிபடும். கருங்காலி என்பதற்கு இன்னொரு பெயர். தர்மத்தின் பக்கம் போனவன் என்று காவியம் சொல்கிறவனைத் தொழிலாளி துரோகி என்கிறான். எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கத்து ஆலை ஒன்றில் நீண்ட வேலைநிறுத்தம். என் அண்ணன் வாசலில் பந்தலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதம் கடந்திருக்கும். எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒரு விடியற்காலையில் ஆலைக்குள் போய்விட்டார். வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, கடன் தலைக்கு மேல். அன்று சாயங்காலமே அவர் வீட்டுச் சுவரில் கரியால் ‘கருங்காலி’ என்று எழுதியாயிற்று. தெருவில் பேச்சு நின்றது. மறுநாள் குழாயடியில் அவர் மனைவியின் குடத்தை வரிசையிலிருந்து தள்ளி வைத்தார்கள்.

என் அம்மா அந்தக் குடத்தை எடுத்துத் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள். அண்ணனுக்கு விஷயம் எட்டிவிட்டது. “இன்னாமா, அவனுக்குப் பரிஞ்சிகினு வரியா?” என்று குதித்தான். அம்மா சொன்னாள்: “அந்தாளு செஞ்சது துரோகம்தான். அதுக்கோசரம் அவ தண்ணி புடிக்கக் கூடாதா? பரிஞ்சிகினு ஒண்ணும் வரல. கொடத்த வெச்சேன், அவ்ளோதான்.” அப்பா வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சாப்பிடாமல் பந்தலுக்குப் போனான்.

அம்மாவுக்குக் கம்பன் தெரியாது. அவள் செய்ததில் ஒரு விமர்சனக் கோட்பாடு முழுசாக அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். துரோகம் என்ற தீர்ப்பை அவள் மாற்றவில்லை. தீர்ப்பு எதுவரை போகலாம் என்று ஒரு இடத்தில் குடத்தை வைத்துக் காட்டினாள். வில்லனிடம் கொள்ளும் அனுதாபம் இந்த அளவில் இருந்தால்தான் அது அனுதாபம். அவன் நல்லவன்தான் என்று நிரூபிக்கக் கிளம்பினால் நாம் அவனைச் சந்திக்கவே இல்லை என்று அர்த்தம். நமக்கு நல்லவர்களோடு மட்டுமே பழக்கம் வைத்துக்கொள்ள முடிகிறது என்பதுதான் அதில் வெளியாகிறது.

இன்றைக்கு இதைச் சொல்ல வேறொரு நிர்ப்பந்தமும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் கறுப்பு ஏறியது. மீனவர்கள் வாளியாலும் கையாலும் அதை அள்ளினார்கள். அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய ஜனம் தெருவுக்கு ஓடிவந்தது. அதற்கு முன்னால் வருஷக்கணக்காக அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்துகொண்டிருந்தது. குழுக்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன, இழப்பீட்டுத் தொகை பேசப்பட்டது. இத்தனையிலும் வில்லன் என்று சுட்டிக்காட்ட ஒரு முகம் தென்படவில்லை. வால்வு, குழாய், வெள்ளம், துறைகளுக்கு இடையிலான கடிதப் போக்குவரத்து. உள்ளங்கையைத் தேய்க்க ஆளில்லை; எதற்காகச் செய்தேன் என்று உரக்கச் சொல்ல ஒரு வாயில்லை.

இந்த நிலையில் கதையின் வில்லன் எனக்கு இன்னும் நெருங்கி வருகிறான். அவன் நேரே வந்து நிற்கிறான். தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்கிறான். தோற்கிறான், அடிபடுகிறான், விழுகிறான். நிஜமான கேடு நமக்கு இந்த மரியாதையைத் தருவதில்லை.

அதனால்தான் இன்றைய படங்களின் வடசென்னையைப் பார்க்கும்போது ஒரு உறுத்தல் உண்டாகிறது. சில படங்கள் எங்கள் ஆட்களை நின்று பார்த்திருக்கின்றன. ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) எதிரணியின் டான்சிங் ரோஸை நாயகனுக்குச் சமமாக ஜனம் நேசித்தது. ஆனால் பெரும்பாலான படங்களில் கேட்டுக்கு ஒரு முகம் தேவைப்பட்டால், கேமரா காசிமேட்டுக்குத் திரும்பி, லுங்கி கட்டிய கறுத்த ஆள் ஒருவனிடம் கத்தியைக் கொடுத்துவிடுகிறது. இந்த மண்ணுக்கு நேர்ந்த தீங்குகளுக்கு முகம் கிடையாது. இந்த மண்ணின் முகம் தீங்குக்கு இரவல் போகிறது. கத்தியை வைத்திருக்கிறவனை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. குத்தினான் என்றால் குத்தினான்தான். நாயகன் வந்து அடிப்பதற்கு முன்னால் அவன் தன் தமிழில் இன்னும் நாலு வாக்கியம் பேசி முடிக்கட்டும்.