தஞ்சோங் பியாயில் ஒரு சென்டிமீட்டர் தூரம்

தஞ்சோங் பியாய்க்குக் கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியான் வந்து, செர்க்காட் கிராமத்தைத் தாண்டினால், செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில் அலையாத்திக் காடு தொடங்கிவிடுகிறது. ஆசியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி இதுதான். 526 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சதுப்பு நிலம் 2003இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலிருக்கும் குக்குப் தீவும் சுங்கை பூலாய் கழிமுகமும் அதே ஆண்டில் சேர்ந்தன. தென்கோடிக்கு வைத்திருக்கும் சின்னத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். நான் வந்தது இங்குள்ள இலைகளையும் நத்தைகளையும் பார்க்க.

கையில் இருந்தது ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7. ஒலிம்பஸ் என்ற பெயரில் பல ஆண்டுகள் வந்த அதே வரிசையில் 2023இல் வெளியான கேமரா. சட்டைப் பையில் அடங்கும். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்கிறார்கள். ஜூம் செய்தாலும் லென்ஸ் வெளியே நீளாது. எல்லா அசைவும் உடலுக்குள்ளேயே நடக்கிறது. பின்புறம் உள்ள வட்டத்தை மைக்ராஸ்கோப் குறிக்குத் திருப்பினால், லென்ஸின் முகத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுகூடத் தெளிவாகத் தெரியும்.

நடைபாலத்தில் ஏறியதும் முதலில் நின்றது வெண்கண்டல் மரத்தின் அருகில். மலாய்க்காரர்கள் இதை அப்பி-அப்பி என்பார்கள். உப்புநீரில் வளரும் இந்த மரம், உறிஞ்சிய உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. முந்தின இரவு மழை இல்லாததால் உப்பு கழுவப்படாமல் இருந்தது. வெறும் கண்ணுக்கு இலை மேல் தூசி படிந்ததுபோல்தான் தெரியும். பலகையில் உதிர்ந்து கிடந்த ஓர் இலையின் மேல் கேமராவைக் கவிழ்த்தாற்போல் கொண்டுபோனேன். திரையில் தூசி மறைந்து, பளிங்குத் துண்டுகள் எழுந்தன. சில சதுரமாக, ஓரம் கூர்மையாக. சில ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன.

ஆனால் ஒரே படத்தில் எல்லாப் பளிங்கும் தெளிவாக விழவில்லை. இவ்வளவு நெருக்கத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நடு நரம்பு தெளிவாக இருந்தால் விளிம்பு கலங்கிவிடும். பெரிய கேமராவில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி இந்த ஆழத்தைக் கூட்டுவார்கள். இத்தகைய சிறிய கேமராவில் அதற்கு அவ்வளவாக இடமில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஃபோகஸ் ஸ்டேக்கிங். பொத்தானை ஒருமுறை அழுத்தினால், கேமரா குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மூன்று முதல் பத்துப் படங்கள் வரை எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் சேர்த்து ஒரே படமாகத் தருகிறது. எத்தனை படம் என்பதை நாமே அமைக்கலாம். பத்துக்கு அமைத்தேன். கேமராவின் அடிப்பகுதியைப் பலகையிலேயே ஊன்றி, மூச்சை அடக்கி அழுத்தினேன். சேர்ந்து வந்த படத்தில் நரம்பிலிருந்து விளிம்பு வரை உப்பு முழுதும் தெளிவு. ஓரங்களைச் சற்று வெட்டித்தான் தருகிறது என்பதால், பொருளைச் சுற்றி இடம் விட்டு எடுப்பது நல்லது.

அடுத்தது சுரபுன்னையின் ஊன்றுவேர்களுக்கு நடுவே, கையெட்டும் உயரத்தில் ஒட்டியிருந்த நத்தை. நீர் வற்றிய நேரத்தில் இந்த நத்தைகள் தம் பசையால் இலையோடோ வேரோடோ ஒட்டிக்கொண்டு, ஈரம் போகாமல் வாயை மூடி அசையாமல் கிடக்கும். ஸ்டேக்கிங்குக்கு இதைவிட ஏற்ற உயிர் இங்கே கிடையாது. கூம்பான ஓடு என்பதால் நுனிக்கும் வாய்க்கும் உயர வேறுபாடு அதிகம். தனிப் படத்தில் நுனி மட்டும் விழுந்தது. சேர்த்த படத்தில் ஓட்டைச் சுற்றி இறங்கும் பள்ளங்கள், அவற்றில் அப்பியிருந்த சேறு, ஓட்டின் விளிம்பைச் சுற்றிக் காய்ந்திருந்த பசையின் மெல்லிய படலம், எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன.

இவ்வளவு நெருங்கினால் கேமராவின் நிழலே பொருளின் மேல் விழுந்துவிடும். அதற்கு எல்ஜி-1 என்ற வளையம் உண்டு. லென்ஸைச் சுற்றிப் பூட்டினால், கேமராவில் இருக்கும் சிறு எல்இடி விளக்கின் ஒளியை வட்டமாகப் பரப்பும். காட்டின் இருட்டில் இது இல்லாமல் வேலை நடக்காது. வழவழப்பான ஓட்டில் அந்த வளையமே வெள்ளை வட்டமாகப் பிரதிபலிக்கிறது. கேமராவைச் சற்றுச் சாய்த்தால் விலகிப்போகிறது.

நகரும் உயிர்களிடம் ஸ்டேக்கிங் செல்லாது. கைப்பிடியில் ஓடிய முசுறு எறும்புகளை எடுத்துப் பார்த்தேன். பத்துப் படம் எடுத்து முடிவதற்குள் எறும்பு இடம் மாறிவிடுவதால், சேர்ந்து வந்த உருவத்தில் ஒரே எறும்புக்கு இரட்டிப்பான உணர்கொம்புகளும் நிழல்போல் கால்களும் முளைத்திருந்தன. எறும்புக்கு ஸ்டேக்கிங்கை அணைத்துவிட்டு, கண்ணைக் குறிவைத்துத் தனிப் படங்களாக அடுத்தடுத்து எடுப்பதே வழி. சேற்றில் தவழும் பெலாச்சாக் மீனும், ஒற்றைக் கை பெருத்த நண்டும் பலகை அதிர்ந்தாலே வளைக்குள் போய்விடும். அவற்றிடம் ஒரு சென்டிமீட்டர் நெருக்கம் நடவாத காரியம்.

படங்களைக் கணினியில் தாமே சேர்த்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஃபோகஸ் பிராக்கெட்டிங் இருக்கிறது. முப்பது படங்கள் வரை தனித்தனியாகக் கிடைக்கும். ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருள்களில் இணைக்கலாம். வேலை கூடும், நத்தை ஓடு போன்ற உயரமான பொருளுக்கு அந்த வேலை தகும்.

இந்தக் கேமராவின் பெரிய பலம் அதன் உரம். பலகையின் இடுக்கு வழியாகக் கையை இறக்கி, கேமராவைச் சேற்றின் மேலேயே வைத்தேன். பென்சில் முனைபோல் நிமிர்ந்து நின்ற மூச்சுவேரின் துளைகள் திரை நிறைய வந்தன. விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸை யாரும் அங்கே வைக்கத் துணியமாட்டார்கள். நண்பகலுக்கு முன் கொட்டிய மழையிலும் படமெடுப்பது நிற்கவில்லை. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படிவதுதான் ஜொகூர் வெயிலில் வரும் தொல்லை. சில நிமிடம் வெளியே வைத்திருந்து துடைத்தால் போதும். கேமராவின் பேட்டரி, இணைப்புக் கதவுகள் இரண்டும் பூட்டியிருக்கின்றனவா, ரப்பர் விளிம்பில் மணலோ முடியோ ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். உப்பு காய்ந்தால் பொத்தான்கள் இறுகும்.

உடன் வந்திருந்த நண்பர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். உப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, உயிரினங்களின் நீடுநிலவல் பாடத்துக்கு நான் இணையத்துல தேடித்தான் படம் எடுப்பேன். இது நம்ம பொந்தியான் இலை” என்றார். அவர் சொன்னதில்தான் இந்தச் சோதனையின் பயன் இருக்கிறது. சென்சார் சிறியது, இருட்டில் படம் கரகரக்கும், சுவரளவு பெரிதாக்க இது ஏற்றதல்ல. வகுப்பறைத் திரைக்குத் தாராளமாகப் போதும். சுரபுன்னை வேரிலேயே உப்பின் பெரும்பகுதியை வடிகட்டுகிறது, வெண்கண்டல் உள்ளே விட்டு இலை வழியே வெளியேற்றுகிறது என்று சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் நம்புவார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒரு கேமரா பொதுவில் இருந்து, கற்றல் பயணத்தின்போது பிள்ளைகள் கைக்கே போக வேண்டும். விழுந்தாலும் நனைந்தாலும் கெடாதது என்பதால், தொடாதே என்று அவர்களைத் தடுக்கத் தேவையில்லை.