உப்பில்லா ரொட்டியும் ஒரு திருகையும்

இத்தாலியின் தஸ்கனி வட்டாரத்தில் வோல்தெரா என்று ஒரு மலையூர். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேல். சுற்றிலும் கல் மதில். ஆகஸ்ட் மாத ஞாயிறுகளில் அந்த ஊர் 1398ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறது. கொல்லர்கள், நெசவாளர்கள், குறுக்குவில் வீரர்கள், கொடியை வானில் வீசிப் பிடிக்கும் இளைஞர்கள் என்று தெருவெல்லாம் பழைய உடையில் ஆட்கள். கடைகளில் யூரோ செல்லாது. அதை மாற்றி ‘குரோசோ’ என்ற விழாக் காசை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஃபுளோரன்சில் வேலை செய்யும் தங்கை வீட்டிலிருந்து குடும்பமாகக் கிளம்பினோம். அப்பா தவறி ஒன்றரை ஆண்டாகிறது. அதிலிருந்து அம்மா கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார். விமானம் ஏறியதே எங்கள் வற்புறுத்தலுக்காக. முட்டிவலி வேறு. 13ஆம் நூற்றாண்டு நகர மண்டபம் நிற்கும் சதுக்கத்தை அடைவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

மதியம் கொண்டைக்கடலை சூப்பும் ரொட்டியும். தஸ்கனி ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். இத்தனைக்கும் இந்த மலையடிவாரத்தில்தான் உப்புக்குப் பேர்போன ஊர் இருக்கிறது! “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே,” என்றார் அம்மா. அன்று அவராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு மிளகாய் கேட்டார்.

“1398ல மிளகாய் ஏது பாட்டி? கொலம்பஸ் போனதே 1492லதானே,” என்றான் என் மகன். இடைநிலைப்பள்ளி மாணவன், விடமாட்டான். உண்மையில் நம் முன்னோர் சமையலிலும் அப்போது மிளகாய் இல்லை, மிளகுதான். அந்த மலபார் மிளகுதான் வெனிஸ் வழியாக இத்தாலியச் சந்தைகளுக்கும் வந்தது.

ஒரு சந்தில், தலையில் வெள்ளைத் துணி கட்டிய பெண் ஒருவர் திருகையில் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் படம் பிடித்தார்கள். அம்மா சற்று நேரம் பார்த்தார். “இப்படிப் பிடி பிடியா போட்டா கல்லு ஓடாது,” என்றவர், பக்கத்தில் போய் உட்கார்ந்தேவிட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கைப்பிடியை விட்டுக்கொடுத்தார். அம்மாவின் இடக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தானியம் போட, வலக்கை சுற்ற, கல் விளிம்பில் மாவு வழிந்தது. ஒரு சிறுமி அம்மாவின் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் விழா வேடம் என்று நினைத்திருப்பாள்.

சிலாங்கூர் தோட்டத்தில் பத்து வயதில் அம்மா செய்த வேலை அது. பெரியவர்கள் பெரட்டுக்குக் கிளம்பும் முன்பே எழுந்து உளுந்து உடைக்க வேண்டுமாம். அந்தத் திருகையை என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது கொண்டுவந்தாராம். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்தை உடைத்தபோது அது அங்கேயே கிடந்துவிட்டதாம். இத்தனை வருடத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை.

“யார் பாட்டி தூக்கிட்டு வந்தா, அவ்வளவு கனத்தை?” காரில் ஏறியதும் மகன் ஆரம்பித்தான். ஃபுளோரன்ஸ் வந்து சேரும்வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.