கோடியக்கரையில் இரண்டு நாள்

பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்தே திரிபவர்கள் நாங்கள் நான்கு பேர். ஒருவர் ஆசிரியர். ஒருவர் நெல் அறுவடை இயந்திரம் வைத்து ஓட்டுகிறார். நான் வேளாண்மைத் துறை. நான்காமவர் கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் ஊரான கோடியக்காட்டுக்கே போய் விவசாயம் பார்க்கிறார். வருடத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு சேர்ந்து எங்கேயாவது போய்வருவது வழக்கம். இந்த மாசியில், "வேற எங்கயும் வேண்டாம்டா, என் வீட்டுக்கு வாங்க" என்றார் அவர். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அவர் மனைவி எனக்குத் தனியாகப் போன் செய்தார். "அண்ணே, திங்கக்கிழமை போர் வண்டி வருது. 200 அடி போடப் போறாராம். நகை அடகுக்குப் போகப்போவுது. நீங்க ஒரு வார்த்தை பாருங்க."

பையில் சட்டையோடு, கையடக்க இ.சி. மீட்டரையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மன்னார்குடியிலிருந்து காரில் கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மண்ணின் குணம் மாறத் தொடங்கும். டெல்டாவின் களிமண் போய், காலில் ஒட்டாத மணல் வரும். நெல் குறைந்து மா, தென்னை, முல்லை, புகையிலை என்று கண்ணில் படும். வேதாரண்யத்தில் கோயிலைப் பார்த்துவிட்டு அகஸ்தியம்பள்ளி போனோம். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்தே வந்த தொண்டர்கள் தடையை மீறி உப்பு அள்ளிய இடம் இது. நினைவுத் தூண் இருக்கிறது. ஆசிரியர் நண்பர் அங்கே ஒரு வகுப்பே எடுத்துவிட்டார்.

தூணைச் சுற்றி எங்கு பார்த்தாலும் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் இடம் வேதாரண்யம்தான். பருவமழை முடிந்து, பாத்திகளைச் சீர்செய்து, உற்பத்தி தொடங்கியிருந்த நேரம். 1 லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் படிவது சுண்ணாம்புச் சத்து, அடுத்தது ஜிப்சம், அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு. நாம் களர் நிலத்துக்குப் போடும் ஜிப்சமும் உப்பளத்தில் விளைகிற சரக்குதான் என்றதும் அறுவடை இயந்திர நண்பருக்கு ஆச்சரியம்.

மாலையில் கோடியக்கரை. வடக்கிலிருந்து நேராக வரும் கடற்கரை இங்கேதான் மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. மீன்பிடி பருவத்துக்காக வெளியூர் மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் செங்கல் கட்டடத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுபோய்விட்டது. இடிபாடுதான் மிச்சம்.

இரவு நண்பர் வீட்டில் மீன் குழம்பு. திண்ணையில் பாய் போட்டுப் படுத்தபடி பழைய கதை பேசினோம். போர் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.

ஞாயிறு விடியலில் வனத்துறையிடம் அனுமதிச்சீட்டு வாங்கி சரணாலயத்துக்குள் போனோம். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. புல்வெளியில் வெளிமான்கள் கூட்டமாக மேய்ந்தன. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, கருத்த முதுகு. பெண் மான் செம்மண் நிறம். கொஞ்சம் தள்ளி, எப்போதோ மனிதர்கள் விட்டுப்போய்க் காட்டுக் குதிரையாகவே மாறிவிட்ட குதிரைகள். தேங்கிய நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடின. வழியெல்லாம் பாலை மரங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது இந்தப் பகுதியில்தான். அன்று முறிந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் கிடக்கின்றன. சிலவற்றில் துளிர் விட்டிருக்கிறது.

அந்த அடிக்கட்டைகளைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு உறுத்தியது. காரணம் உண்டு. கஜாவில் நண்பரின் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. அடுத்த வருடம் வந்து பார்த்த நான், "தென்னை காய்க்கிற வரைக்கும் முல்லை போடு. குடத்துல எத்தனை நாளைக்குத்தான் ஊத்துவே? ஒரு போர் போட்டு சொட்டுநீர் வை" என்றேன். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் மோட்டார் ஓட்டலாம் என்றும் சொல்லவில்லை. அதிகாரி சொல்கிறான் என்று அவரும் 60 அடியில் போட்டார். நாலு வருடம் நல்ல தண்ணீர். இப்போது மேற்குப் பக்கத்து முல்லையில் இலை நுனி கருகி, அரும்பு சிறுத்துவிட்டது.

காட்டிலிருந்து திரும்பியதும் நேராகக் கொல்லைக்குப் போனோம். பக்கத்துப் புகையிலைக் கொல்லையில் மணலைப் பறித்து ஆளுயரக் குட்டை வெட்டி, குடத்தில் மொண்டு செடி செடியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரை மீட்டரில் பார்த்தேன். 0.6. நண்பர் விருந்துக்காக வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மோட்டார் போடவில்லை. போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்த தண்ணீர் 1.9. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு 3.8. இரண்டு கொல்லை தள்ளி ஒருவர் 180 அடி போட்டுக் கைவிட்ட போர் இருந்தது. அவரிடம் கேட்டு எடுத்தோம். 9-ஐத் தாண்டியது. பாசன நீரில் 0.7 வரை எந்தப் பயிருக்கும் தொந்தரவில்லை. 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்கள் தாங்காது.

நண்பரின் மாமியார் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "குடத்துல மொண்ட வரைக்கும் தண்ணி நல்லாத்தான் இருந்திச்சு தம்பி" என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. மணல் மேட்டில் பெய்யும் மழை கீழே இறங்கி, உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, கடல் தண்ணீர் எடை கூடுதல். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஒரு பொதுக் கணக்கு. அதே கணக்கு திருப்பியும் அடிக்கும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 1 அடி இறக்கி அப்படியே வைத்தால், கீழேயிருக்கும் உப்பு 40 அடி மேலே ஏற இடம் கிடைக்கிறது. குடம் மேலாக மொண்டது. போர் அடியிலிருந்து உறிஞ்சியது.

"அப்ப நீ அன்னைக்குச் சொன்னது தப்பாடா?" என்றார் நண்பர்.

"தப்புதான்" என்றேன். முப்பது வருட உத்தியோகத்தில் ஒரு விவசாயியிடம் அந்த வார்த்தையை நான் அதிகம் சொன்னதில்லை. அவர் பதில் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துப் போர் வண்டிக்காரருக்குப் போன் செய்தார். கொடுத்த முன்பணம் திரும்பாது என்றார்கள். போகட்டும் என்று வைத்துவிட்டார். உள்ளே அவர் மனைவி காபி கலக்கும் சத்தம் கேட்டது.

பிறகு நால்வரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். போருக்கு ஓய்வு. இரண்டு இடத்தில் ஆழமில்லாத குட்டை. சிறிய மோட்டாரில் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து சொட்டுநீர். அந்தத் தண்ணீர் எவ்வளவுக்குப் போதுமோ அவ்வளவு முல்லை. முக்கால் ஏக்கர் அரை ஏக்கராகும். கருகிய பகுதியை விட்டுவிட வேண்டியதுதான். "ஜிப்சம் போட்டா மீட்டுடலாமா?" என்று கேட்டார். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து. வெறும் உப்பு ஏறிய மண்ணுக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. இவருடையது மணல். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் உப்பைக் கழுவிவிடும். அதற்குப் பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கிவிடலாம்.

"போர் தண்ணீர் உப்பாகிவிட்டது, இன்னும் ஆழப்படுத்தலாமா?" என்பது இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்குக் கடற்கரை ஊர்களிலிருந்து வரக்கூடிய கேள்விதான். என் பதில் இது. முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். மோட்டாரை 15 நிமிடம் ஓட்டிய பிறகு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்புங்கள். பெயர், சர்வே எண், ஆழம், தேதி எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு இன்னொரு பாட்டில் எடுங்கள். இரண்டாவதில் உப்பு கூடுதல் என்றால், அடியிலிருந்து உப்பு ஏறுகிறது என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து ஆழமான போர்த் தண்ணீரையும் பாருங்கள். சில ஊர்களில் ஆழத்தில் நல்ல நீர்ப்படுகை இருப்பதுண்டு. அதை நிலத்தடி நீர் ஆய்வு சொல்ல வேண்டும். வண்டிக்காரரோ, என்னைப்போல் விருந்துக்கு வந்த நண்பரோ சொல்லக் கூடாது.

கோடியக்கரை போக நினைப்பவர்கள் வேதாரண்யத்திலிருந்து பஸ்ஸிலேயே போகலாம். பறவைகளைப் பார்க்க ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோவது நல்லது.

ஞாயிறு மாலை கிளம்பும்போது நண்பரின் மாமியார் எங்கள் மூன்று பேர் வீட்டுக்கும் வாழையிலையில் முல்லை கட்டிக் கொடுத்தார். "கிழக்குப் பக்கத்துப் பூ தம்பி, இது நல்லாருக்கும்" என்றார். மன்னார்குடி வந்து சேரும்வரை கார் முழுக்க அந்த வாசனைதான். மழை முடிந்ததும், தை மாதம் மறுபடியும் அங்கேதான் போகிறோம். மீட்டரும் வரும்.